வந்து மறையும் வாதம்

காலையில் பல் துலக்கும் வேளையில் தந்தையின் கையிலிருந்து செம்பு நழுவுகிறது. வாய் ஒருபுறம் கோணுகிறது, சொல் குழறுகிறது. பத்து நிமிடத்தில் யாவும் சரியாகிவிடுகிறது. “பித்த மயக்கம்” என்று கூறி, சுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, வீட்டார் தத்தம் அலுவலைப் பார்க்கச் செல்கின்றனர். அன்பர்களே, இதனினும் ஆபத்தான நிம்மதி வேறில்லை.

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயைச் சிறு இரத்தக் கட்டி அடைத்துப் பின் தானே விலகினால் இவ்வாறு நேரும். முழுப் பக்கவாதம் இதனைத் தொடரக்கூடும். முதல் இரண்டு நாள்களிலேயே அந்த ஆபத்து மிகுதி. எனவே, குணமடைந்தவராகத் தோன்றுபவரையும் உடனே மருத்துவமனையில் காட்டுதல் வேண்டும்.

ஐயம் எழுந்தால் அவரைச் சிரிக்கச் சொல்லுங்கள். இரு கைகளையும் நீட்டி உயர்த்தச் சொல்லுங்கள். ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். முகம் கோணுதல், ஒரு கை தாழ்தல், நாக் குழறல் ஆகியவற்றுள் ஒன்று காணினும் 108-ஐ அழையுங்கள். திடீரெனப் பார்வை மங்குவதும், நடை தள்ளாடுவதும், என்றுமில்லாக் கடுந்தலைவலியும் அத்தகையனவே.

கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் போடவேண்டும். புறா இரத்தம் தேடி அலைவோர் இன்றும் உளர். நேரம் அவர்களுக்காகக் காத்திராது. குழாய் வெடித்து இரத்தம் கசிந்திருப்பின் அதே ஊசி கேடாய் முடியும். ஆதலின் சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனையே தக்கது. வீட்டில் ஆஸ்பிரின் கொடுத்தலும் அக்காரணத்தாலேயே தவறு. தண்ணீரும் புகட்டலாகாது; விழுங்கும் ஆற்றல் குன்றியிருப்பின் அது நுரையீரலுக்குள் செல்லும். அறிகுறி தோன்றிய நேரத்தை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்; மருத்துவர் முதலில் கேட்பது அதுவே.