மகன் கேட்கும் பாட்டுப் பெட்டி: எதைப் பார்த்து வாங்குவது?

அமெரிக்காவில் உள்ள நியூயார்க் நகரம். அதில் பிராங்க்ஸ் என்று ஒரு பகுதி. உழைத்துப் பிழைக்கும் மக்கள் நிறைந்த இடம்.

1973-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 11-ந் தேதி. அங்கே செட்ஜ்விக் அவென்யூவில், 1520-ம் எண் உள்ள மாடிக் கட்டிடத்தில், ஒரு சிறு விருந்து நடந்தது. நடத்தியவர் சிண்டி கேம்பெல் என்ற பெண்.

பள்ளிக்கூடம் திறக்கும் சமயம். புதுத் துணி வாங்க அவருக்குப் பணம் தேவைப்பட்டது. கட்டிடத்தில் இருந்த பொது அறையில் விருந்து வைத்தார். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் என்று கட்டணம் வாங்கினார்.

பாட்டுப் போடும் வேலை அண்ணனுக்கு. அண்ணன் பெயர் கிளைவ். வயது 18. ஜமைக்காவில் பிறந்தவர். "கூல் ஹெர்க்" என்றால்தான் ஊருக்குத் தெரியும். அப்பாவிடம் இருந்த ஒலிபெருக்கியை வைத்து அவர் பாட்டுப் போட்டார்.

"ஹிப் ஹாப்" என்ற இசை பிறந்தது அந்த விருந்தில்தான் என்று இன்று உலகமே சொல்கிறது!

இரண்டு தட்டு எதற்கு?

ஹெர்க் ஒன்றைக் கவனித்தார். பாட்டு நின்று மேளம் மட்டும் ஒலிக்கும் இடம் வந்தால் போதும், ஜனங்கள் துள்ளி ஆடினார்கள். ஆனால் அந்த இடம் சில நொடிகளில் முடிந்து விடும்.

அவர் ஒரு யுக்தி செய்தார். ஒரே இசைத்தட்டில் இரண்டு வாங்கினார். இரண்டையும் இரண்டு கருவிகளில் வைத்தார். ஒன்றில் மேளம் முடிந்ததும் மற்றதில் மேளத்தை ஆரம்பித்தார். அதற்குள் முதல் தட்டைப் பின்னுக்குச் சுற்றி வைத்தார். சில நொடி மேளம் சில நிமிஷம் நீண்டது!

இப்படிப் பாட்டுகளை மாற்றி, இணைத்து, கலந்து போடுகிறவருக்கு "டி.ஜே." என்று பெயர்.

கதவைத் தட்டிய அம்மா

அதே பிராங்க்ஸ் பகுதியில் தியோடர் என்று ஒரு சிறுவர் இருந்தார். 1975-ம் ஆண்டு வாக்கில் ஒரு நாள் வீட்டில் பாட்டை அலற விட்டுக் கொண்டிருந்தார். அம்மா வந்து கதவைத் தட்டினார். "சத்தத்தைக் குறை!" என்று அதட்டினார்.

சிறுவர் சுழலும் தட்டைக் கையால் பிடித்து நிறுத்தினார். அம்மா பேசி முடிக்கும் வரை தட்டை முன்னும் பின்னும் அசைத்துக் கொண்டிருந்தார். "கிரிக், கிரிக்" என்று ஒரு சத்தம் காதில் விழுந்தது. அது நன்றாக இருந்தது!

"ஸ்கிராட்ச்" என்ற வித்தை பிறந்த கதை இது. பின்னாளில் அவரே சொன்னது.

பாரம் குறைந்தது

டி.ஜே.க்கள் விரும்பி வாங்கிய கருவி ஜப்பானில் இருந்து வந்தது. "டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200" என்று பெயர். 1972-ல் வெளிவந்தது. 1979-ல் வந்த அடுத்த மாதிரியில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு தள்ளு விசை இருந்தது. பாட்டின் வேகத்தை அது 8 சதவீதம் வரை கூட்டும். 8 சதவீதம் வரை குறைக்கும்.

ஆனால் ஒரு கருவியே 10 கிலோவுக்கு மேல். இரண்டு கருவி, நடுவில் கலக்கும் பெட்டி, போதாக்குறைக்கு இசைத்தட்டு மூட்டைகள்! தூக்கிச் செல்ல ஆள் வேண்டும்.

பிறகு லேப்டாப் கம்ப்யூட்டர் வந்தது. ஆயிரக்கணக்கான பாட்டுகள் அதற்குள் அடங்கின. ஆனால் டி.ஜே.யின் கை சும்மா இருக்குமா? தள்ள ஒரு விசை, திருப்ப ஒரு குமிழ், சுழற்ற ஒரு சக்கரம் அதற்கு வேண்டும். அவற்றை எல்லாம் ஒரே பலகையில் வைத்த பெட்டிதான் "கண்ட்ரோலர்."

பெட்டிக்குள் பாட்டு இல்லை!

கண்ட்ரோலருக்குள் பாட்டு இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

பாட்டும், அதை ஓட்டும் மென்பொருளும் லேப்டாப்பில் இருக்கின்றன. டி.ஜே. ஒரு விசையைத் தள்ளினால், பெட்டி ஒரு எண்ணை லேப்டாப்புக்கு அனுப்புகிறது. விசை அடியில் இருந்தால் 0. உச்சியில் இருந்தால் 127. இடையில் இருந்தால் இடைப்பட்ட எண். எண்ணைப் பார்த்து மென்பொருள் வேலை செய்கிறது.

இந்த எண் பாஷைக்கு "மிடி" என்று பெயர். 1983-ல் நடைமுறைக்கு வந்தது. இதற்காக ஜப்பானின் இகுதாரோ காகேஹாஷி, அமெரிக்காவின் டேவ் ஸ்மித் ஆகிய இருவருக்கும் 2013-ல் கிராமி அமைப்பின் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

மிக முக்கியமான கேள்வி

சரி, வீட்டில் மகனோ மகளோ கண்ட்ரோலர் கேட்டால், எதைப் பார்த்து வாங்குவது? பளபளக்கும் விளக்குகளைப் பார்த்தா? இல்லை!

"பெட்டிக்குள்ளேயே ஒலி அட்டை இருக்கிறதா? ஹெட்போன் மாட்டத் தனி வழி உண்டா?" இதுதான் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

காரணம் இது. கூட்டம் ஒரு பாட்டைக் கேட்டுக் கொண்டிருக்கும்போது, டி.ஜே. அடுத்த பாட்டை ஹெட்போனில் கேட்டுத் தயார் செய்ய வேண்டும். கூட்டத்துக்கு ஒரு பாட்டு. தன் காதுக்கு ஒரு பாட்டு. சாதாரண லேப்டாப்பில் ஒலி வெளிவரும் துளை ஒன்றுதான். அதில் இரண்டையும் தனித்தனியே எடுக்க, பிரிக்கும் ஒயர் ஒன்றை மாட்டிச் சமாளிக்கலாம். ஆனால் அப்போது வலது, இடது என்ற இரட்டை ஒலி போய், ஒற்றை ஒலிதான் மிஞ்சும்.

விலை குறைவு என்று ஒலி அட்டை இல்லாத பெட்டியை வாங்கினால், பிறகு தனியாக ஒன்று வாங்க நேரும். அப்போது அந்த மலிவு எங்கே போயிற்று?

சக்கரமும் தள்ளு விசையும்

தியோடர் செய்த வித்தையைப் பழக ஆசையா? அப்படியானால் சக்கரம் பெரிதாக இருக்க வேண்டும். கை வைத்தால் உடனே தெரிந்து கொள்ள வேண்டும். பாட்டை அடுத்தடுத்து இணைத்துப் போட்டால் போதும் என்றால், சிறிய சக்கரமே போதும்.

வேக விசை நீளமாக இருப்பது நல்லது. ஒரு கணக்கைப் பாருங்கள். நிமிஷத்துக்கு 120 தாளம் உள்ள பாட்டு. விசை 8 சதவீதம் கூட்டும், 8 சதவீதம் குறைக்கும். மொத்தம் 19 தாளத்துக்குச் சற்று அதிகம். இதை 127 படியாகப் பிரித்தால், ஒரு படிக்கு சுமார் 0.15 தாளம். வேண்டிய வேகம் இரண்டு படிகளுக்கு நடுவே இருந்தால் அகப்படாது. இரண்டு பாட்டுகளும் மெல்ல மெல்ல விலகிப் போகும்.

நல்ல பெட்டிகள் இதே விசைக்கு 16,384 படிகள் வரை அனுப்பும். விலகல் காதுக்குத் தெரியாது. மென்பொருளே வேகத்தைப் பொருத்திக் கொள்ளும் பொத்தானும் உண்டு. அதை மட்டும் நம்புகிறவருக்கு இந்தக் கவலை குறைவு.

லேப்டாப்பையும் பாருங்கள்

ஒரு நொடி ஒலியை கம்ப்யூட்டர் 44,100 துணுக்குகளாக வைத்திருக்கிறது. அதில் 441 துணுக்குகளை முன்கூட்டியே கையில் வைத்துக் கொண்டால், தாமதம் நொடியில் 100-ல் ஒரு பங்கு. யாருக்கும் தெரியாது. 4,410 துணுக்குகள் என்றால் 10-ல் ஒரு பங்கு. கை ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் என்றாகி விடும்.

கையிருப்பை மிகவும் குறைத்தால் பலவீனமான லேப்டாப் திணறும். "கரகர" என்று சத்தம் வரும். பழைய லேப்டாப்பை வைத்துக் கொண்டு, விலை உயர்ந்த பெட்டி வாங்கிப் பயன் இல்லை.

கடையில் கேட்க வேண்டியவை

1. ஒலி அட்டையும் ஹெட்போன் துளையும் உண்டா?

2. எந்த மென்பொருளுக்கு ஏற்றது? செராட்டோ, டிராக்டர், ரெகார்ட்பாக்ஸ் என்று பல உண்டு. பெட்டியோடு இலவசமாக வருவது முழுப் பதிப்பா, குறைந்த பதிப்பா? "மிக்ஸ்" என்ற மென்பொருள் எல்லோருக்கும் இலவசம். அதோடு பெட்டி சேருமா?

3. எத்தனை பாட்டு ஒரே சமயத்தில் ஓட்டலாம்? ஆரம்பிப்பவருக்கு 2 போதும். 4 பிறகு பார்க்கலாம்.

4. மைக் மாட்ட இடம் உண்டா? விசேஷ வீடுகளில் அறிவிப்புச் செய்ய அது அவசியம்.

5. மின்சாரம் லேப்டாப்பில் இருந்தே வருமா, தனி இணைப்பு வேண்டுமா?

6. பழைய பெட்டி என்றால், இன்றைய கம்ப்யூட்டரில் அது வேலை செய்யுமா? வெஸ்டாக்ஸ் என்ற பெயர் பெற்ற ஜப்பான் கம்பெனியே 2014-ல் திவாலாயிற்று. கம்பெனி போனால், பெட்டிக்கு வேண்டிய புதிய மென்பொருளும் வராது. சொந்த லேப்டாப்பைக் கையோடு எடுத்துச் சென்று, மாட்டிப் பார்த்து, கேட்டுப் பார்த்துப் பணம் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

முதலில் வேண்டியது

மென்பொருளை மட்டும் லேப்டாப்பில் போட்டுக் கொண்டு, தட்டச்சுப் பலகையிலேயே ஒரு மாதம் பழகலாம். செலவு ஒன்றும் இல்லை. ஆர்வம் நிலைக்கிறதா என்று பெற்றோருக்கும் தெரிந்து விடும். எந்த விசை அதிகம் தேவைப்படுகிறது என்று பிள்ளைக்கும் தெரிந்து விடும். அதற்குப் பிறகு கடைக்குப் போனால் ஏமாற வழி இல்லை.

கூல் ஹெர்க்கிடம் அன்று விலை உயர்ந்த பெட்டி இருக்கவில்லை. அப்பாவின் ஒலிபெருக்கிதான் இருந்தது. ஆனால் ஜனங்கள் எப்போது துள்ளுகிறார்கள் என்று பார்க்கும் கண் அவரிடம் இருந்தது. அது எந்தக் கடையிலும் கிடைக்காது!