ஆவிதானே என்று அலட்சியமா?

"சிகரெட்டுன்னாதான் புகை, இது வெறும் ஆவிதானே?" என்று ஈ-சிகரெட்டைப் பற்றிச் சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். எலக்ட்ரிகல் மாணவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவரை அந்தக் கருவி மிகச் சாதாரணம். ஒரு பேட்டரி, ஒரு ஹீட்டிங் காயில், சூடாகி ஆவியாகும் ஒரு திரவம். ஆபத்து அந்தத் திரவத்தில்தான்.

2019-ல் அமெரிக்காவில் நன்றாக இருந்த இளைஞர்கள் பலர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். இருமல், நெஞ்சுவலி, காய்ச்சல், வாந்தி வேறு. 2020 பிப்ரவரி வரை கணக்கில் வந்தவர்கள் 2,807 பேர். அவர்களில் 68 பேர் இறந்துவிட்டனர். பெரும்பாலோர் கஞ்சாச் சத்து கலந்த திரவத்தை இழுத்தவர்கள். கலப்படம் தெரியாதபடி அதைக் கெட்டியாகக் காட்ட வைட்டமின் ஈ அசிடேட் என்ற எண்ணெயைச் சேர்த்திருந்தார்கள். 51 நோயாளிகளின் நுரையீரல் நீரைச் சோதித்ததில் 48 பேரிடம் அது இருந்தது. தோலில் தடவும் க்ரீமிலும் உள்ள பொருள்தான். ஆனால் தோல் வேறு, நுரையீரல் வேறு!

சிகிச்சை? இதற்கென்று தனி மருந்து கிடையாது. ஆக்சிஜன் கொடுப்பார்கள். நுரையீரல் அழற்சி அடங்க ஸ்டீராய்டு. நிமோனியா போலவே தெரிவதால் பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கும் உண்டு. முற்றினால் வென்டிலேட்டர். எக்ஸ்ரேயை மட்டும் வைத்து டாக்டரால் காரணத்தைச் சொல்ல முடியாது; நோயாளிதான் வாய் திறக்க வேண்டும்.

நம் நாட்டில் 2019-லேயே இதன் விற்பனைக்குத் தடை வந்துவிட்டது. மீறி யாராவது நீட்டினால் "வேணாம்ப்பா" என்று சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே இழுத்த நண்பனுக்கு மூச்சு வாங்கினால், வீட்டுக்குப் பயந்து மறைக்காமல் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். திட்டு வாங்கினாலும் உயிர் மிஞ்சும்.