ரெய்டு இருக்கே, பேக்கப் எதுக்கு?

வீட்டு ஃபைல் சர்வருக்கு 4 டிபி டிஸ்க் நாலு வாங்கியாச்சுன்னு வச்சுக்குவோம். இசட்எஃப்எஸ்ஸில் ரெய்டு-இசட்1 போட்டால் சுமார் 12 டிபி கிடைக்கும். ஒரு டிஸ்க் போனால் தாங்கும். ரெய்டு-இசட்2 என்றால் சுமார் 8 டிபிதான். ஆனால் எந்த இரண்டு போனாலும் தாங்கும். புது டிஸ்க் மாட்டி டேட்டாவைத் திரும்ப நிரப்பப் பல மணி நேரம் ஆகும். அதுவரை மற்ற மூன்றும் ஓயாமல் ஓடணும். அவையும் அதே வயசு. அதனால் என் ஓட்டு 8 டிபிக்கே.

ஆனா, போட்டோ ஃபோல்டரை நீங்களே தவறுதலா அழிச்சா? நாலு டிஸ்க்கிலும் உடனே அழிஞ்சுடும். அதுக்குத் தினமும் ஸ்னாப்ஷாட் எடுக்கணும். சர்வரே திருடு போனா? அதுக்கு வேறொரு வீட்டில் இன்னொரு காப்பி வேணும். ரெய்டு காப்பாத்துறது டிஸ்க் பழுதுலேர்ந்து மட்டும்தான்.