1969 குடியரசுத் தலைவர் வேட்பாளர் தேர்வு விவாதம்

1969 குடியரசுத் தலைவர் வேட்பாளர் தேர்வு விவாதம் என்பது, இந்தியக் குடியரசுத் தலைவர் சாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே மறைந்ததைத் தொடர்ந்து, அடுத்த வேட்பாளர் யார், அவருக்கு இருக்க வேண்டிய தகுதிகள் எவை என்பன குறித்து இந்திய தேசிய காங்கிரசுக்குள்ளும் வெளியிலும் நடைபெற்ற விவாதம் ஆகும். 1969 மே முதல் ஆகத்து வரை நீடித்த இவ்விவாதம், ஆளுங்கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளர் தோல்வியடைவதற்கும், அக்கட்சி இரண்டாகப் பிளவுபடுவதற்கும் வழிகோலியது. தமிழகத்தைச் சேர்ந்த காமராசர் இதில் முதன்மைப் பங்கு வகித்தார்.

பின்னணி

1969 மே 3 அன்று சாகிர் உசேன் காலமானார். பதவிக் காலத்தில் இறந்த முதலாவது இந்தியக் குடியரசுத் தலைவர் இவரே. துணைக் குடியரசுத் தலைவராக இருந்த வி. வி. கிரி தற்காலிகக் குடியரசுத் தலைவரானார்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இருப்பது போன்று கட்சி வேட்பாளரை மக்களின் வாக்கினால் தெரிவு செய்யும் முதல்நிலைத் தேர்தல் முறை இந்தியாவில் இல்லை. அமெரிக்காவிலும்கூட 1968 இல் ஊபர்ட் அம்ப்ரி முதல்நிலைத் தேர்தல்களில் போட்டியிடாமலேயே சனநாயகக் கட்சியின் வேட்பாளரானார். அதனால் எழுந்த எதிர்ப்பே அங்கு பின்னர் விதிகள் மாறக் காரணமாயிற்று. காங்கிரசில் வேட்பாளரை முடிவு செய்யும் பொறுப்பு நாடாளுமன்ற வாரியம் எனப்படும் சிறு குழுவிடம் இருந்தது. எனவே அவ்வாரியத்தின் கூட்டமே வேட்பாளர்களின் தகுதி எடைபோடப்பட்ட களமாக அமைந்தது.

பெங்களூர்க் கூட்டம்

1969 சூலை மாதம் பெங்களூரில் அனைத்திந்திய காங்கிரசுக் குழுவின் கூட்டம் நடைபெற்றது. அங்கு கூடிய நாடாளுமன்ற வாரியத்தில், கட்சியின் மூத்த தலைவர்கள் மக்களவைத் தலைவர் நீலம் சஞ்சீவ ரெட்டியின் பெயரை முன்மொழிந்தனர். பிரதமர் இந்திரா காந்தி செகசீவன் ராமின் பெயரை முன்வைத்தார். காந்தியடிகளின் நூற்றாண்டு ஆண்டில் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் அப்பதவிக்கு வருவது பொருத்தம் என்பது அவர் தரப்பின் வாதம்.

வாக்கெடுப்பில் காமராசர், மொரார்சி தேசாய், எசு. கே. பாட்டீல், ஒய். பி. சவான் ஆகிய நால்வர் ரெட்டியை ஆதரித்தனர். இந்திரா காந்தியும் பக்ருதின் அலி அகமதும் செகசீவன் ராமை ஆதரித்தனர். இவ்வாறு 4-க்கு 2 என்ற கணக்கில் ரெட்டி காங்கிரசின் வேட்பாளரானார். இதனையடுத்து வி. வி. கிரி தாம் சுயேச்சையாகப் போட்டியிடப் போவதாக அறிவித்தார்.

சூலை 16 அன்று மொரார்சி தேசாயிடமிருந்து நிதித்துறை எடுக்கப்பட்டது. அவர் அமைச்சரவையிலிருந்து விலகினார். சூலை 19 அன்று 14 வங்கிகள் அவசரச் சட்டத்தின் மூலம் நாட்டுடைமையாக்கப்பட்டன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீசு வங்கியும் இவற்றுள் அடங்கும். அச்சட்டத்தில் தற்காலிகக் குடியரசுத் தலைவராகக் கையெழுத்திட்ட கிரி, மறுநாள் பதவி விலகினார். தலைமை நீதிபதி எம். இதயத்துல்லா குடியரசுத் தலைவரின் பணிகளை ஏற்றார்.

வேட்பாளர்களும் தகுதி குறித்த வாதங்களும்

நீலம் சஞ்சீவ ரெட்டி (பிறப்பு 1913): ஆந்திரப் பிரதேசத்தின் முதலாவது முதலமைச்சர், காங்கிரசுத் தலைவராகவும் மக்களவைத் தலைவராகவும் இருந்தவர். நிருவாக அனுபவமும், மக்களவைத் தலைவரானபோது கட்சி உறுப்பினர் பதவியைத் துறந்த நடுநிலையும் அவருக்கு ஆதரவாகக் கூறப்பட்டன. பேருந்து வழித்தடங்களை நாட்டுடைமையாக்கிய வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிய கருத்துகளைத் தொடர்ந்து 1964 இல் அவர் முதலமைச்சர் பதவியை விட்டு விலகியிருந்தார். எனினும், 'சிண்டிகேட்' எனப்பட்ட மூத்த தலைவர்களின் குழுவால் நிறுத்தப்பட்டவர் என்பதே அவருக்கு எதிரான முதன்மையான வாதமாக இருந்தது.

வி. வி. கிரி (பிறப்பு 1894): தொழிற்சங்கத் தலைவர், 1937 இல் இராசாசியின் சென்னை மாகாண அமைச்சரவையில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர். நடுவண் அரசில் தொழிலாளர் அமைச்சராக இருந்தபோது, வங்கி ஊழியர்களுக்கான தீர்ப்பை அரசு திருத்தியதை ஏற்காமல் 1954 இல் பதவி விலகியவர். கொள்கைக்காகப் பதவியைத் துறந்தவர் என்பது அவருக்குரிய சிறப்பாகக் கருதப்பட்டது. தேர்தல் மாதத்தில் அவருக்கு 75 வயது நிறைந்தது. வேட்பாளராக இருந்துகொண்டே அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டது முறையா என்ற கேள்விக்கும் இடமிருந்தது.

சி. து. தேசுமுக் (பிறப்பு 1896): இந்திய ரிசர்வ் வங்கியின் முதலாவது இந்திய ஆளுநர், முன்னாள் நிதியமைச்சர். சுதந்திராக் கட்சியும் பாரதிய சனசங்கமும் இவரை ஆதரித்தன.

தனிமனிதரின் தகுதியைக் கடந்து, பதவியின் இயல்பு பற்றிய கேள்வியும் இவ்விவாதத்தில் அடங்கியிருந்தது. அமைச்சரவையின் அறிவுரைப்படியே குடியரசுத் தலைவர் செயற்பட வேண்டும் என்று அப்போது அரசியலமைப்பில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கவில்லை. பிரதமருக்கு எதிரான குழுவின் வேட்பாளர் வென்றால் பிரதமரின் பதவிக்கு ஆபத்து நேரலாம் என்று இந்திரா தரப்பினர் அஞ்சினர். மாறாக, பிரதமருக்குக் கடன்பட்ட ஒருவர் அப்பதவிக்கு வந்தால் அரசியலமைப்பின் காவலராக அவர் எப்படி இயங்க முடியும் என்று மறுதரப்பினர் கேட்டனர். 1976 இல் கொண்டுவரப்பட்ட 42 ஆவது திருத்தமே அமைச்சரவையின் அறிவுரை கட்டாயம் என்பதை எழுத்தில் உறுதி செய்தது.

மனச்சாட்சி வாக்கு

காங்கிரசுத் தலைவர் நிசலிங்கப்பா, ரெட்டிக்கு இரண்டாம் விருப்ப வாக்குகளைக் கோரி சனசங்கத் தலைவர்களுடனும் சுதந்திராக் கட்சித் தலைவர்களுடனும் பேசினார். இதனைக் காரணம் காட்டி, உறுப்பினர்கள் மனச்சாட்சிப்படி வாக்களிக்க அனுமதிக்க வேண்டும் என்று செகசீவன் ராமும் பக்ருதின் அலி அகமதும் கோரினர். ரெட்டியின் வேட்பு மனுவில் கையெழுத்திட்டிருந்த இந்திரா காந்தி, அவருக்கு வாக்களிக்குமாறு கட்சியினருக்கு ஆணையிட மறுத்துவிட்டார். கட்சியின் முடிவுக்குக் கட்டுப்படுவதா, மனச்சாட்சிக்குக் கட்டுப்படுவதா என்ற கேள்வி ஒவ்வொரு காங்கிரசு உறுப்பினர் முன்னும் நின்றது.

தமிழகத்தின் நிலை

தமிழகத்தில் காமராசர் ரெட்டியை ஆதரித்தார். கா. ந. அண்ணாதுரையின் மறைவுக்குப் பின் 1969 பெப்ரவரியில் மு. கருணாநிதி தலைமையில் அமைந்த திராவிட முன்னேற்றக் கழக அரசு கிரியை ஆதரித்தது. காயிதே மில்லத் முகம்மது இசுமாயில் தலைமையிலான இந்திய யூனியன் முசுலிம் லீக்கும் பொதுவுடைமைக் கட்சிகளும் அவ்வாறே கிரியை ஆதரித்தன.

வாக்கு மதிப்பு: வாணியம்பாடி எடுத்துக்காட்டு

குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தெரிவு செய்வதில்லை. நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மாநிலச் சட்டமன்றங்களிலும் உள்ள, தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர்களே வாக்களிக்கின்றனர். அப்போது வட ஆர்க்காடு மாவட்டத்திலும் தற்போது திருப்பத்தூர் மாவட்டத்திலும் உள்ள, தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்ற வாணியம்பாடித் தொகுதியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

1961 கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் மக்கள்தொகை 3,36,86,953. இதனை 234 தொகுதிகளால் வகுத்து, மீண்டும் 1000 ஆல் வகுத்தால் 143.96 கிடைக்கும், முழு எண்ணாக்கினால் 144. எனவே வாணியம்பாடித் தொகுதி உறுப்பினர் அளித்த ஒரு வாக்கின் மதிப்பு 144 ஆகும். சென்னை நகரத் தொகுதி உறுப்பினரின் வாக்கிற்கும் இதே மதிப்புதான். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரது வாக்கின் மதிப்பு 576 ஆக இருந்தது. 1971 கணக்கெடுப்பின் அடிப்படையில் தமிழகச் சட்டமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு பின்னர் 176 ஆக உயர்ந்தது.

முடிவு

1969 ஆகத்து 16 அன்று வாக்குப்பதிவும், ஆகத்து 20 அன்று வாக்கு எண்ணிக்கையும் நடைபெற்றன. மொத்தம் 15 வேட்பாளர்கள் போட்டியிட்டனர். செல்லத்தக்க வாக்குகளின் மதிப்பு 8,36,337. வெற்றிக்குத் தேவையானது 4,18,169.

முதல் விருப்ப வாக்குகள்:
வி. வி. கிரி – 4,01,515
நீலம் சஞ்சீவ ரெட்டி – 3,13,548
சி. து. தேசுமுக் – 1,12,769

எவரும் தேவையான மதிப்பைப் பெறாததால், குறைந்த வாக்குகள் பெற்றவர்கள் ஒவ்வொருவராக நீக்கப்பட்டு, அவர்களது வாக்குச் சீட்டுகளில் இருந்த அடுத்த விருப்பங்கள் எண்ணப்பட்டன. இதனால் ரெட்டிக்கு 91,879 கூடியது. கிரிக்கு 18,562 மட்டுமே கூடியது. எனினும் இறுதியில் கிரி 4,20,077 பெற்று வென்றார். ரெட்டி 4,05,427 பெற்றார். இரண்டாம் விருப்ப வாக்குகளை எண்ணி முடிவு செய்யப்பட்ட ஒரே இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தல் இதுவாகும்.

இருவருக்கும் இடையிலான வேறுபாடு 14,650. கிரியை ஆதரித்த நாடாளுமன்ற உறுப்பினர்களில் 13 பேர் ரெட்டிக்கு வாக்களித்திருந்தால் முடிவு மாறியிருக்கும். 1967 தேர்தலில் தி.மு.க. வென்ற மக்களவை இடங்கள் மட்டும் 25 என்பதிலிருந்து தமிழகத்தின் நிலைப்பாட்டிற்கு இருந்த முக்கியத்துவத்தை அறியலாம். வாக்கெடுப்பு இரகசியமானது என்பதால் தனித்தனி உறுப்பினர் யாருக்கு வாக்களித்தார் என்பதற்குப் பதிவு இல்லை.

துண்டறிக்கை வழக்கு

தேர்தலுக்கு முன்னர் ரெட்டியின் தனிப்பட்ட ஒழுக்கத்தை இழிவுபடுத்தும் துண்டறிக்கை ஒன்று, நாடாளுமன்ற மைய மண்டபம் உட்பட, வாக்காளர்களிடையே பரவியது. இதனை ஒரு காரணமாகக் காட்டி, கிரியின் வெற்றியை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. பதவியில் இருந்த குடியரசுத் தலைவரான கிரி நீதிமன்றத்தில் நேரில் தோன்றிச் சாட்சியம் அளித்தார். 1970 இல் வழக்கு தள்ளுபடி செய்யப்பட்டது. வேட்பாளரின் பொதுவாழ்வை ஆராய்வதற்கும் அவரது தனிவாழ்வைத் தூற்றுவதற்கும் இடையே உள்ள எல்லை எது என்ற கேள்வியை இவ்வழக்கு எழுப்பியது.

விளைவுகள்

1969 நவம்பர் 12 அன்று இந்திரா காந்தி கட்சியிலிருந்து நீக்கப்பட்டார், காங்கிரசு பிளவுபட்டது. காமராசர் நிறுவன காங்கிரசிலும், சி. சுப்பிரமணியம் இந்திரா காங்கிரசிலும் இருந்தனர். 1971 இல் இந்திரா காங்கிரசு தி.மு.க.வுடன் கூட்டணி அமைத்தது. தமிழகச் சட்டமன்றத் தேர்தலில் அது போட்டியிடவில்லை.

வேட்பாளர்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த, 1974 இல் ஒவ்வொரு வேட்பு மனுவிற்கும் 10 முன்மொழிபவர்களும் 10 வழிமொழிபவர்களும் தேவை என்று சட்டம் திருத்தப்பட்டது. 1997 இல் இவ்வெண்ணிக்கை தலா 50 ஆக உயர்த்தப்பட்டது. குடியரசுத் தலைவர் தேர்தலில் கட்சிக் கொறடாவின் ஆணை உறுப்பினரைக் கட்டுப்படுத்தாது என்பது இன்றும் தொடரும் நிலையாகும்.

1969 இல் தோற்ற நீலம் சஞ்சீவ ரெட்டி, 1977 இல் போட்டியின்றிக் குடியரசுத் தலைவராகத் தெரிவு செய்யப்பட்டார். இவ்வாறு, எட்டு ஆண்டுகளுக்கு முன்னர் தகுதி கேள்விக்குள்ளாக்கப்பட்ட ஒருவரை அதே பதவிக்கு அனைத்துக் கட்சிகளும் ஏற்றுக்கொண்டன.

இவற்றையும் பார்க்க

இந்தியக் குடியரசுத் தலைவர்
காமராசர்
வி. வி. கிரி
வாணியம்பாடி சட்டமன்றத் தொகுதி