பிள்ளையார் சுழிக்கு ஏன் தடை?

செமஸ்டர் தேர்வின் முதல் நாள், முதலாமாண்டு மாணவர்கள் அறையில் கண்காணிப்பு வந்தால் நான் மறக்காமல் சொல்வது இது: "விடைத்தாள்ல பிள்ளையார் சுழி போடாதீங்கப்பா. சிலுவையும் வேண்டாம், 786-ம் வேண்டாம்." பிள்ளைகள் முகம் சட்டென்று வாடிவிடும். ஒன்றாம் வகுப்பிலிருந்து போட்டுப் பழகிய கை அல்லவா! சாமியைக் கும்பிட்டு எழுதுவது எப்படி மேம் தப்பாகும் என்று ஒரு பெண் கண்கலங்கவே கேட்டாள்.

அவள் கேட்டது நியாயம்தான். பதில் புரிய வேண்டுமானால், அந்தத் தாள் எங்கள் அறையைவிட்டுப் போன பிறகு அதற்கு என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். பதிவு எண் எழுதிய பகுதியைத் தனியாகப் பிரித்து எடுத்துவிடுவார்கள். தாளில் மிஞ்சுவது டம்மி நம்பரோ பார்கோடோ மட்டும்தான். எங்கோ ஒரு மையத்தில் உட்கார்ந்து திருத்துகிறவருக்கு அது யார் எழுதியது, எந்தக் கல்லூரி, எந்த ஊர் என்று தெரியக் கூடாது. சுழியோ சிலுவையோ இருந்தால் எழுதியவரின் மதம் தெரிந்துவிடும். அதோடு, எந்தக் குறியும் திருத்துபவரிடம் முன்பே பேசிவைத்த அடையாளமாக இருக்க இடமுண்டு. பச்சை மையில் இழுத்த கோடு, பெயர் எழுதிய மூலை, கடைசிப் பக்கத்தில் 'ஐயா, இதுதான் என் கடைசி அரியர், பாஸ் போடுங்கள்' என்ற வேண்டுகோள் எல்லாம் முறைகேட்டுப் பட்டியலில் இருப்பதும் இதனால்தான். மாணவரைவிட, திருத்துகிற எங்களைத்தான் இந்த விதி அதிகம் சந்தேகிக்கிறது. சந்தேகிக்கட்டும் என்றுதான் நானும் சொல்வேன்.

இந்த சந்தேகம் மிகப் பழையது. சீனாவில் அரசு அதிகாரிகளைத் தேர்வு வைத்து எடுத்தார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், சோங் அரச மரபினர் காலத்தில், எழுதியவரின் பெயரை மூடி ஒட்டும் வழக்கம் வந்தது. கையெழுத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கிறார்கள் என்றானதும், எழுத்தர்களை உட்காரவைத்து ஒவ்வொரு விடைத்தாளையும் படியெடுத்து, அந்தப் படியைத்தான் தேர்வாளர் கையில் கொடுத்தார்கள். அப்படியும் 1858-இல் பெய்ஜிங் தேர்வில் ஊழல் வெடித்தது. தலைமைத் தேர்வாளராக இருந்த போ ஜுன் என்ற மூத்த அமைச்சருக்கு அடுத்த ஆண்டு மரண தண்டனை நிறைவேற்றினார்கள்.

நம் ஊரிலும், அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 தேர்வில் பணம் வாங்கிக்கொண்டு மறுமதிப்பீட்டில் மதிப்பெண்ணைக் கூட்டினார்கள் என்ற குற்றச்சாட்டில் 2018-இல் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்தது. அந்த வழக்கில் சேர்க்கப்பட்டவர்கள் மாணவர்கள் அல்ல, தேர்வை நடத்தும் பொறுப்பில் இருந்தவர்கள்.

அரை மணி நேர விதியைப் பற்றியும் பெற்றோர் கோபப்படுவார்கள். பஸ் லேட், மழை, பிள்ளையை உள்ளே விட்டால் என்ன? ஒரே வினாத்தாளை ஒரே நேரத்தில் எத்தனையோ ஊர்களில் பிரிக்கிறார்கள். முதல் அரை மணிக்குள் யாரும் வெளியே போகக் கூடாது, அதன் பிறகு யாரும் உள்ளே வரக் கூடாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும்: வினாத்தாளைப் பார்த்துவிட்டு வெளியே போனவர், இனிமேல் எழுத வரும் ஒருவரைச் சந்திக்கவே வழியில்லை.

இனி பிட். சின்னச் சின்னதாக மடித்த ஜெராக்ஸ், கால்குலேட்டர் மூடிக்குள் பென்சில் எழுத்து, உள்ளங்கை. இதெல்லாம் எல்லோரும் அறிந்த கதை. பிடிபட்ட பிறகு நடக்க வேண்டியதுதான் பலருக்குத் தெரிவதில்லை. விடைத்தாளையும் பிட்டையும் வாங்கி வைக்க வேண்டும். மாணவரிடம் எழுத்தில் விளக்கம் பெற வேண்டும். கண்காணிப்பாளரின் அறிக்கையோடு எல்லாம் பல்கலைக்கழகத்துக்குப் போகும். அங்கே விசாரணைக் குழு மாணவரை அழைத்துக் கேட்டுவிட்டுத் தண்டனையை முடிவு செய்யும். அறையில் நிற்கும் எனக்குத் தீர்ப்பு சொல்லும் அதிகாரம் கிடையாது. கத்தவோ, நாற்பது பேர் முன்னால் நிற்கவைத்து அவமானப்படுத்தவோ, ஒரு பெண்ணின் உடையைப் பிடித்துச் சோதிக்கவோ யாருக்கும் உரிமை இல்லை. பிடிபட்ட அவமானம் தாங்காமல் உயிரை விட்ட பிள்ளைகளைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருக்கிறோம். ஒரு தாளைத் திரும்ப எழுதலாம். அதனால்தான் அறிக்கை எழுதி முடித்ததும் அந்தப் பிள்ளையைத் தனியாக அனுப்பாமல், வகுப்பு ஆசிரியரை வரவழைத்து, வீட்டுக்குச் சொல்லி, துணையோடு அனுப்ப வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பேன்.

"ஜெயிலா மேடம்?" என்று பதறிப் போய்க் கேட்ட அப்பாக்கள் உண்டு. 2024-இல் வந்த மத்தியச் சட்டத்தைத்தான் நினைக்கிறார்கள். யுபிஎஸ்சி, ரயில்வே, தேசியத் தேர்வு முகமை போன்றவை நடத்தும் பொதுத் தேர்வுகளில் வினாத்தாளைக் கசியவிடுபவர்களுக்கும், ஆள்மாறாட்டம் ஏற்பாடு செய்யும் கும்பல்களுக்கும் உரிய சட்டம் அது. திட்டமிட்ட குற்றத்துக்குப் பத்து ஆண்டு வரை சிறையும், குறைந்தது ஒரு கோடி ரூபாய் அபராதமும் உண்டு. கல்லூரி செமஸ்டர் தேர்வு அதன் பட்டியலிலேயே இல்லை.

என்னை உறுத்துவது வேறு. மூன்று மணி நேரம் கண் இமைக்காமல் காவல் நிற்கிறோமே, அது பல கலைக் கல்லூரிகளில் 75 மதிப்பெண்ணுக்கு. மீதி 25 இன்டர்னல். அங்கே டம்மி நம்பர் கிடையாது. யாருடைய பிள்ளை, எந்த ஊர், போன வாரம் எதிர்த்துப் பேசியவளா என்பதெல்லாம் தெரிந்தேதான் போடுகிறோம். ரெக்கார்ட் நோட்டை சீனியரிடம் வாங்கி அப்படியே எழுதுவது வழக்கமாகவே ஆகிவிட்டது. காசு கொடுத்தால் புராஜெக்ட்டைப் பைண்டிங்கோடு தரும் கடைகள் கல்லூரி வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. இப்போது சாட்ஜிபிடியும் சேர்ந்துகொண்டது. ஆய்வேடுகளில் பத்து சதவீதத்துக்கு மேல் பிறர் எழுத்தோடு ஒத்துப்போனால் நடவடிக்கை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் விதி போட்டது. சொந்தமாக யோசிக்காமல் இயந்திரத்திடம் எழுதி வாங்கியதை அந்த ஒப்பீடு பிடிக்காமல் போகலாம்.

நான் புராஜெக்ட் திருத்தும்போது எழுதியவரை எதிரே உட்காரவைத்து, நடுவில் ஒரு பத்தியைக் காட்டி, "இதை உன் வார்த்தையில சொல்லும்மா" என்பேன். சொந்தமாகச் செய்தவள் திக்கித் திணறியாவது சொல்லிவிடுவாள். எண்பது பேர் இருக்கும் வகுப்பில் இதற்கு வாரக்கணக்கில் நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைப் பல்கலைக்கழகங்கள் கால அட்டவணையிலேயே ஒதுக்க வேண்டும். வாய்மொழித் தேர்வுக்கு வெளிக்கல்லூரி ஆசிரியர் ஒருவர் கட்டாயம் வர வேண்டும். இன்டர்னல் மதிப்பெண் எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டி, மாணவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே மேலே போக வேண்டும். ஆட்சேபம் இருந்தால், மதிப்பெண் போட்ட எங்களிடம் அல்லாமல் வேறொருவரிடம் முறையிட அவர்களுக்கு வழி வேண்டும்.