உடன் பயணித்த நாயின் இழப்பு

சமூகம் துக்கமென ஏற்காததால் வெளிப்படையாக அழவோ ஆறுதல் பெறவோ வழியின்றிப் போகும் துயரத்தை, அமெரிக்க அறிஞர் கென்னத் டோகா 1989இல் வெளியிட்ட நூலில் ‘அங்கீகரிக்கப்படாத துக்கம்’ என்னும் கருத்தாக்கத்தால் விளக்கினார்; நாயை இழந்த குடும்பத்தாரிடம் ‘வேறொன்று வாங்கிக்கொள்ளலாமே’ என்று கூறுவது, அன்பினால் சொல்லப்பட்டாலும், இத்துயரத்தையே ஆழப்படுத்துகிறது. விடுமுறைப் பயணங்களில் உடன்வந்த நாயாயின், வீட்டில் ஓரளவு தணிந்த துக்கம், அடுத்த பயணத்துக்குப் பெட்டி கட்டும் வேளையில், காரின் வெறுமையான பின்னிருக்கையைக் கண்டதும் மீண்டும் பெருகக்கூடும். பழகிய கடற்கரைக்கு மறுபடி செல்வதா, சில காலம் தவிர்ப்பதா என்பதைக் குழந்தைகளோடும் கலந்துபேசித் தீர்மானிப்பதே நல்லது; நாய் ‘தூங்கிவிட்டது’ என்று மழுப்பினால் சிறு குழந்தைகளுக்கு உறக்கத்தின் மீதே அச்சம் தோன்றலாம் என்பதால், இறந்துவிட்டது என்று கனிவோடும் தெளிவாகவும் சொல்ல வேண்டும்.

நாய் மகிழ்ந்து திரிந்த இடத்தோடு அதன் நினைவைப் பிணைப்பது பலருக்கு ஆறுதல் தருகிறது. லண்டன் ஹைட் பார்க்குக்குத் தன்னை வளர்த்த குடும்பத்துப் பிள்ளைகளோடு அடிக்கடி உலாவ வந்த செர்ரி என்னும் மால்டீஸ் இன நாய் 1881இல் முதுமையால் இறந்தபோது, குடும்பத்தாரின் வேண்டுகோளுக்கு இணங்கிய பூங்காவின் விக்டோரியா வாயிலின் காவலர், தமது இல்லத் தோட்டத்திலேயே அதனை அடக்கம் செய்ய இடமளித்தார். பின்னர் அங்கே நூற்றுக்கணக்கான செல்லப்பிராணிகளின் சிறு கல்லறைகள் எழுந்தன.