கொலைகாரனுக்குச் சோறு போட்டால் குற்றமா?

நள்ளிரவு. தேனி மாவட்டம் ஜெயமங்கலத்தில் ஒரு வீட்டுக் கதவை யாரோ தட்டுவதாக வைத்துக்கொள்வோம். தாய் கதவைத் திறக்கிறாள். வெளியே மகன்! சட்டையில் ரத்தம்.

"அம்மா, வரப்புத் தகராறில் ஒருவனை வெட்டிக் கொன்றுவிட்டேன்" என்கிறான்.

தாய் பதறுகிறாள். சோறு போடுகிறாள். மாற்றுச் சட்டை கொடுக்கிறாள். "போலீஸ் வருமுன் கம்பம் வழியாகக் கேரளாவுக்குப் போய்விடு, ராசா" என்று கையில் பணத்தைத் திணிக்கிறாள்.

அவள் யாரையும் கொல்லவில்லை. ஆனாலும் அவள் செய்தது குற்றம்!

5 ஆண்டு ஜெயில்

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 212-வது பிரிவு. 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 249-வது பிரிவு.

ஒருவன் குற்றவாளி என்று தெரிந்தும், அவனைத் தண்டனையில் இருந்து தப்பவைக்க அடைக்கலம் கொடுக்கக் கூடாது. அடைக்கலம் என்றால் இடம் மட்டும் அல்ல. தப்பிப்பதற்காகச் சோறு, தண்ணீர், பணம், துணி, வண்டி கொடுப்பதும் அடைக்கலமே. கொலைகாரனுக்குக் கொடுத்தால் 5 ஆண்டு வரை ஜெயில், அபராதமும் உண்டு.

விஷயம் தெரியாமல் உதவியவர் மீது குற்றம் இல்லை.

மனைவிக்கு விலக்கு

கணவனை மனைவி மறைத்தாலும், மனைவியைக் கணவன் மறைத்தாலும் இந்தப் பிரிவு தண்டிப்பதில்லை. தாய், தகப்பன், உடன்பிறந்தவருக்கு அந்த விலக்கு இல்லை!

ரத்தச் சட்டையை எரித்தால்? அது தடயத்தை அழித்த குற்றம், 238-வது பிரிவு. கொலை வழக்கானால் 7 ஆண்டு வரை ஜெயில். இதில் மனைவிக்கும் விலக்கு கிடையாது.

அவரும் கொலையாளியா?

அடைக்கலம் கொடுத்தவரும் கொலையாளி ஆகிவிடுவாரா? மாட்டார்.

1991 மே 21-ந் தேதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ்காந்தி கொல்லப்பட்டார். 1998 ஜனவரியில் தனிக்கோர்ட்டு 26 பேருக்கும் தூக்குத்தண்டனை விதித்தது. 1999 மே 11-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, அவர்களில் 19 பேரைக் கொலைச் சதிக் குற்றத்தில் இருந்து விடுவித்தது. சதி நிறைவேறிய பிறகு, தலைமறைவானவருக்கு இடம் கொடுத்ததால் மட்டும் ஒருவர் சதிகாரர் ஆகமாட்டார் என்று தீர்ப்பு விளக்கியது. அடைக்கலம் கொடுத்தது தனிக் குற்றம்; தண்டனையும் தனி.

தாய் என்ன செய்யலாம்?

பசித்து வந்த மகனுக்குச் சோறு போடுவது குற்றம் அல்ல, தப்பவைப்பதே குற்றம். சோறு போட்டுவிட்டு, கையைப் பிடித்துப் போலீஸ் நிலையத்துக்கு அழைத்துச் செல்லும் தாயை இந்தச் சட்டம் தண்டிக்காது. மகனுக்கு வக்கீல் வைத்து வாதாடலாம். வசதி இல்லாதவருக்கு இலவச சட்ட உதவியும் உண்டு.